ரசம் போன கண்ணாடிச் சுவர்: கை வைப்பதற்கு முன்னும் பின்னும்

அடையாறில் நாங்கள் வாங்கிய வீடு 1992-இல் கட்டியது. கூடத்தின் ஒரு பக்கம், சாப்பாட்டு மேசையை ஒட்டி, எட்டடி உயரம் பத்தடி நீளத்துக்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. இரண்டடி அகலத்தில் ஐந்து பலகைகள். ஒவ்வொன்றுக்கும் சீவிய ஓரம், மூலைக்கு மூலை பித்தளைக் குமிழ். சின்னக் கூடம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஆசையாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் குடிவந்தபோது கீழ் ஓரம் நெடுகக் கறுத்துப்போய், நடுவில் தேமல் படர்ந்ததுபோல் புள்ளிகள் இருந்தன. சாப்பிட உட்கார்ந்தால் எல்லோருடைய முகத்திலும் கறை.

முதல் வாரமே உடைத்து எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். விலை கேட்பதற்காக ஒரு கண்ணாடிக் கடைக்காரரை அழைத்து வந்தேன். பெரியவர். கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. குனிந்து கீழ் ஓரத்தை விரலால் தடவினார். “அம்மா, இதற்குப் பின்னால் குளியலறையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்படியானால் முதலில் அங்கே ஆளைக் கூப்பிடுங்கள். கண்ணாடிக்கு என்னை அப்புறம் கூப்பிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதுதான் சரி. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது. கண்ணாடிச் சுவர் உள்ள வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள், சுத்தியலை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு வாரம் மூடி வையுங்கள்

கண்ணாடி வேண்டுமா வேண்டாமா என்பதைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்ய முடியாது. வீட்டில் இருக்கும் பழைய வெள்ளைப் போர்வைகளையோ வேட்டிகளையோ மேலே ஒட்டும் பட்டை போட்டுத் தொங்கவிட்டு, சுவர் முழுவதையும் ஒரு வாரம் மறைத்து வையுங்கள். காலை ஏழு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் விளக்கு போட்ட பிறகும் கூடத்தைக் கவனியுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்றாம் நாளே ஒன்று புரிந்தது. அந்தக் கூடத்துக்கு வெளிச்சம் வருவதே எதிரே இருக்கும் பால்கனிக் கதவு வழியாகத்தான். கண்ணாடி அதை வாங்கிச் சமையலறை வாசல்வரை அனுப்பிக்கொண்டிருந்தது. போர்வை போட்டதும் காலையில் காய் நறுக்கவே விளக்கு போட வேண்டியிருந்தது. அதனால், எல்லாப் பலகைகளையும் எடுப்பது என்ற முடிவை அப்போதே நிறுத்தி வைத்தோம்.

ஜன்னலுக்கு எதிரே இருக்கும் கண்ணாடி வெளிச்சத்தைக் கொண்டுவரும். குழல் விளக்குக்கோ தொலைக்காட்சிக்கோ எதிரே இருக்கும் கண்ணாடி கண்ணைக் கூச வைக்கும், அவ்வளவுதான். உங்கள் கண்ணாடி எந்த வகை என்பதை இந்த ஒரு வாரம் சொல்லிவிடும். பைசா செலவில்லாத சோதனை என்பதால் இதைத் தவிர்க்க வேண்டாம் என்று அழுத்தியே சொல்கிறேன்.

கறுப்பு எங்கிருந்து தொடங்குகிறது?

கண்ணாடியில் ‘ரசம் போய்விட்டது’ என்கிறோம். அந்த ரசம் பாதரசம். முற்காலத்தில் வெள்ளீயத் தகட்டில் பாதரசத்தைச் சேர்த்து, அந்தக் கலவையைக் கண்ணாடியின் முதுகில் பதித்தார்கள். 1835-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் வெள்ளியைக் கண்ணாடியில் படியவைக்கும் முறையைக் கண்டறிந்த பிறகு பாதரசம் மெல்ல வழக்கொழிந்தது. பேச்சில் மட்டும் ரசம் தங்கிவிட்டது. இன்று நம் வீட்டுக் கண்ணாடியின் முதுகில் இருப்பது மிக மெல்லிய வெள்ளிப் படலம். பெரும்பாலும் அதன்மேல் ஒரு செம்புப் படலமும், அவற்றைக் காக்க வண்ணப்பூச்சும் இருக்கும். ஈரமோ காரமோ அமிலமோ அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போனால் வெள்ளி கறுக்கும். கறுத்த இடத்தைத் துடைத்து மீட்க முடியாது, ஏனென்றால் கறை இருப்பது முன்பக்கத்தில் அல்ல. எந்தத் திரவத்தைப் போட்டுத் தேய்த்தாலும் வீண் வேலை.

ஆனால் கறுப்பு எந்த இடத்தில் தொடங்கியது என்பது அதன் காரணத்தைச் சொல்லும். கீழ் ஓரத்தில் மட்டும் நூல் பிடித்ததுபோல் கறுத்திருந்தால், துடைக்கும்போது வழிந்த தண்ணீரும் திரவமும் அங்கே தேங்கியிருக்கின்றன. பலகைகள் சேரும் இடுக்குகளில் கறுப்பு என்றால் கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேரே பீய்ச்சியிருக்கிறார்கள். அமோனியா கலந்தது என்றால் இன்னும் விரைவாக அரிக்கும். துணியில் தெளித்துத் துடைப்பதுதான் முறை. குமிழைச் சுற்றி வட்டமாகக் கறுத்திருந்தால் உள்ளே திருகு துருப்பிடித்திருக்கும். ஓரத்தோடு தொடர்பே இல்லாமல் பலகையின் நடுவில் மேகம்போல் படர்ந்திருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒட்டிய பசை வெள்ளியைத் தின்றிருக்கும், அல்லது சுவரில் ஈரம் இருக்கும். காடி நெடி அடிக்கும் சாதாரண சிலிக்கான் பசை உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது கண்ணாடியின் முதுகுக்குப் பகை.

சுவரில் ஈரம் இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. கண்ணாடிக்குப் பக்கத்திலுள்ள வெறும் சுவரிலும், முடிந்தால் மறுபக்கச் சுவரிலும், ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. எங்கள் வீட்டில் குளியலறை டைல்ஸ் இடுக்குகளில் பூசிய கலவை உதிர்ந்துபோய், குளிக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பி, சுவர் காய இரண்டு மாதம் விட்டோம். இதைச் செய்யாமல் புதுக் கண்ணாடி மாட்டியிருந்தால் அதுவும் சில ஆண்டுகளில் கறுத்திருக்கும். வெறும் வண்ணம் அடித்திருந்தாலும் பொரிந்து உதிர்ந்திருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த தரைத்தள வீடு என்றால், கண்ணாடிக்குப் பின்னால் ப்ளைவுட் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஊறி உப்பிய ப்ளைவுட் காய்ந்த பிறகும் பிடிமானத்தை இழந்திருக்கும். கரையானும் முதலில் தேடிப் போகும் இடம் அதுதான்.

எது தாங்கி நிற்கிறது, எவ்வளவு எடை?

கைபேசி விளக்கைக் கண்ணாடியின் பக்கவாட்டு ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, ஒரு விசிட்டிங் கார்டை இடுக்கில் செருகிப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே போனால் குமிழோ, ஓரத்தை மூடி அடித்த மெல்லிய பீடிங் சட்டமோதான் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. ஓரிரு அங்குலத்தில் மெத்தென்று முட்டினால் ஒட்டும் பட்டையோ பசையோ இருக்கிறது. விரல் முட்டியால் தட்டும்போது பொத்தென்று வெற்றொலி கேட்டால் ப்ளைவுட் அல்லது இடைவெளி. கெட்டியான ஒலி கேட்டால் நேரே சுவரில் பதித்திருக்கலாம். பழைய வீடுகளில் குமிழும் இருக்கும், பசையும் இருக்கும். குமிழைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி கையோடு வந்துவிடும் என்று இழுப்பவர்கள்தான் காயப்படுகிறார்கள்.

எடையையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரை கிலோ. எங்கள் பலகை 5 மில்லிமீட்டர் கனம். இரண்டுக்கு எட்டடி என்றால் ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீட்டர். அதாவது ஒரு பலகை 18 கிலோவுக்கு மேல், ஐந்தும் சேர்ந்து 90 கிலோவைத் தாண்டும். அரிசி மூட்டையை எப்படியும் பிடிக்கலாம். எட்டடி நீளத்தில் வளைந்து ஆடும் கண்ணாடியை அப்படிப் பிடிக்க முடியாது. பழைய வீட்டுக் கண்ணாடிகள் அனேகமாகப் பதப்படுத்தாத சாதாரணக் கண்ணாடிகள். உடைந்தால் கார்க் கதவுக் கண்ணாடிபோல் மணிமணியாகச் சிதறாது, கத்தி கத்தியாக இறங்கும்.

எடுக்காமலே சமாளிக்கலாமா?

பல வீடுகளில் சமாளிக்கலாம். ஓரம் மட்டும் கறுத்திருந்தால், கறுப்பு மறையும் அகலத்துக்குத் தேக்கிலோ அலுமினியத்திலோ பீடிங் அடித்து ஒவ்வொரு பலகையையும் சட்டம் போட்டதுபோல் ஆக்கிவிடலாம். தச்சருக்கு ஒரு நாள் வேலை. கண்ணாடியின் பழமையே அழகாக மாறிவிடும். ஒன்றிரண்டு பலகை மட்டும் கெட்டிருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். ஆனால் புதுக் கண்ணாடியின் சாயல் பழையதோடு முழுமையாக ஒத்துப்போகாது. பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, பால் நிறத்து ஸ்டிக்கர் தாள் அல்லது திரைச்சீலை. தாள் ஒட்டும்போது கண்ணாடியில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, மேலிருந்து கீழாக ரப்பர் தகட்டால் நீரைத் தள்ளிக்கொண்டே வந்தால் குமிழி விழாது. வெளிச்சம் ஓரளவு தங்கும், பிம்பம் மறையும். வீட்டைக் காலி செய்யும்போது உரித்துக்கொள்ளலாம்.

வண்ணம் அடிப்பதை நான் அவ்வளவாக விரும்பவில்லை. கண்ணாடி, டைல்ஸ் போன்ற வழுவழுப்பான பரப்புக்கென்று விற்கும் பிரைமரை முதலில் பூசினால் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் கை கழுவும் தொட்டிக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அது நிற்காது. கண்ணாடியின் முகத்தில் ப்ளைவுட்டையோ டைல்ஸையோ பசை போட்டு ஒட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த எடை முழுவதும் கண்ணாடியின் முதுகிலுள்ள மெல்லிய பூச்சில்தான் தொங்கும். மறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தரையிலும் கூரையிலும் சட்டம் பிடித்து, கண்ணாடியைத் தொடாமல் முன்னால் ஜிப்சம் பலகைத் தடுப்பு எழுப்புங்கள். மூன்று நான்கு அங்குல இடம் போகும்.

கழற்றுவது என்று முடிவானால்

நேரே சுவரில் முழுப் பரப்புக்கும் பசை பூசி ஒட்டிய கண்ணாடி என்றால் நீங்கள் இறங்காதீர்கள், தொழில் தெரிந்தவர்களிடம் விடுங்கள். குமிழ், பீடிங், அங்கங்கே பசை என்ற அளவில் இருந்தால் மூன்று பேர் சேர்ந்து நிதானமாகச் செய்யலாம். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஒரு பலகையைக்கூடத் தொடக்கூடாது.

ஆள் வைத்துச் செய்வதானால் கூலி பேசும்போது நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். கழற்றுவது, மாடியிலிருந்து இறக்குவது, உடைந்ததை அப்புறப்படுத்துவது, சுவரைச் சரிசெய்வது. ‘எல்லாம் சேர்த்து’ என்று பேசிய இடத்தில்தான் கண்ணாடித் துண்டுகள் மூன்று வாரம் பால்கனியில் கிடக்கும்.

வேலை நாளில் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். தடித்த தோல் கையுறை, கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ ஆகியவை மூவருக்கும் வேண்டும். கண்ணாடியில் சுவிட்சோ விளக்கோ பொருத்தியிருந்தால் அந்த இணைப்பின் எம்.சி.பி.-யை (மின்பலகையில் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை) அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள். தரையில் பழைய மெத்தையையோ மடித்த போர்வைகளையோ விரியுங்கள். அடுத்து, கண்ணாடியின் முகம் முழுவதும் அகலமான பார்சல் டேப்பை நெருக்கமாக, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். ஒரு பலகைக்கு அரை மணி நேரம் ஆகும். உடைந்தால் துண்டுகளைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்வது அந்த டேப்தான்.

ஓரப் பலகையிலிருந்து தொடங்குங்கள். இருவர் இரு பக்கமும் நின்று உள்ளங்கையால் சுவரோடு அழுத்திப் பிடிக்க, மூன்றாமவர் மேல் குமிழ்களை முதலில் கழற்றட்டும். எடையைத் தாங்கும் கீழ்க் குமிழ்கள் கடைசியில். துருப்பிடித்துச் சுழலாத திருகுக்கு எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். முறுக்கினால் துளையிலிருந்துதான் விரிசல் ஓடும்.

பசை இருந்தால் கீழ்க் குமிழைத் தொடுவதற்கு முன்பே அதை அறுத்துவிட வேண்டும். மெல்லிய இரும்புக் கம்பியின் இரு முனைகளிலும் மரக்கட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே மேலிருந்து நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் இருபுறமும் மாறி மாறி இழுத்தபடி கீழே கொண்டுவாருங்கள். அவ்வளவு நேரமும் ஒருவர் இரு கைகளாலும் கண்ணாடியைச் சுவரோடு பிடித்திருக்க வேண்டும். பசை இறுகியிருந்தால் தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டை ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டினால் இளகும். கம்பி இறங்க இறங்க, திறந்த இடுக்கில் மெல்லிய மர ஆப்புகளை வையுங்கள். கடப்பாரையாலோ திருப்புளியாலோ நெம்பக் கூடாது.

கழன்ற பலகையைச் செங்குத்தாக நிறுத்தியே தூக்குங்கள். படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் ஒடியும். இன்னொன்றை வேலை தொடங்குவதற்கு முன்பே மூவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி கையிலிருந்து நழுவினால் யாரும் அதைப் பிடிக்கப் போகக் கூடாது. விட்டுவிட்டுப் பின்னால் விலக வேண்டும். விழும் பொருளைத் தாவிப் பிடிப்பது நம் கையின் பழக்கம். அந்தப் பழக்கம்தான் மணிக்கட்டு நரம்பை அறுக்கும்.

என் மாமியார், வெள்ளிக்கிழமை வேண்டாம், வீட்டில் கண்ணாடி உடையக் கூடாது என்றார். புதன்கிழமை வைத்துக்கொண்டோம். உடையாமல் இறக்குவதில் அவருக்கிருந்த அக்கறை எங்களையும் நிதானப்படுத்தியது. ஐந்தில் கெட்டுப்போன மூன்றை மட்டும் எடுத்தோம். மூன்றும் முழுதாக இறங்கின.

துண்டுகளும் தூளும்

முழுதாக வந்தாலும் ஓரங்களிலிருந்து சில்லுகள் உதிரும். பெருக்கிய பிறகு அறை விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடியுங்கள். ஒவ்வொரு சில்லும் மின்னும். சப்பாத்தி மாவைக் கொஞ்சம் தளரப் பிசைந்து உருட்டி, மின்னும் இடங்களில் ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூளும் மாவில் ஏறிவிடும். அந்த மாவைக் காக்கைக்கோ நாய்க்கோ போட்டுவிடாமல் தாளில் சுற்றிக் குப்பையில் சேருங்கள். கண்ணாடி முதுகிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் பழைய பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்தக் காலக் கண்ணாடிப் பூச்சுகளில் ஈயம் கலப்பது வழக்கம், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது. நனைத்து, தகட்டால் சுரண்டி எடுங்கள்.

ரசம் பூசிய கண்ணாடி பாட்டில் கண்ணாடியோடு சேராது. பழைய பாட்டில் எடுப்பவர்கள் பொதுவாக வாங்குவதில்லை. உடைந்த துண்டுகளை நாளிதழில் பல சுற்றுச் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியைச் சாக்கில் கட்டி, மேலே ‘உடைந்த கண்ணாடி’ என்று தடித்த எழுத்தில் எழுதி, தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள். நம் குப்பைப் பையைக் கையால் பிரிக்கும் ஒருவர் இருக்கிறார் என்பது எப்போதும் நினைவில் இருக்கட்டும்.

சுவரும், மிச்சமிருக்கும் கண்ணாடியும்

பசை பெயர்ந்த இடங்களில் பூச்சும் சேர்ந்து பெயர்ந்திருக்கும். தளர்ந்த பூச்சை முழுவதும் தட்டி எடுத்து, சிமென்ட் கலவை பூசி, நன்றாகக் காயவிட்டு, பாலிதீன் தாள் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். தாள் உலர்ந்திருந்தால் மட்டும் பட்டி, பிரைமர், வண்ணம். கண்ணாடி இருந்த இடத்துக்கு வெளிர் நிறமே நல்லது. அடர் நிறம் அடித்தால் கூடம் திடீரென்று சுருங்கிப்போனதுபோல் இருக்கும்.

இறக்கிய பலகைகளில் ரசம் போகாத நடுப்பகுதி இருக்கும். கண்ணாடிக் கடையில் வெட்டி ஓரம் மழித்துக் கொடுப்பார்கள். சென்னையில் என்றால் பூங்கா நகர் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய கண்ணாடி வெட்டும்போது விரிசல் விலகி ஓடினால் கடைக்காரர் பொறுப்பேற்கத் தயங்குவார். அதற்கு ஒப்புக்கொண்டே கொடுக்க வேண்டும்.

ஆளுயரம் தெரிய ஆளுயரக் கண்ணாடி தேவையில்லை, நம் உயரத்தில் பாதி போதும். மேல் விளிம்பு வீட்டிலேயே உயரமானவரின் கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் வர வேண்டும். கீழ் விளிம்பு குள்ளமானவரின் கண் உயரத்தில் பாதியில் வர வேண்டும். என் கணவர் ஐந்தடி எட்டங்குலம், மகள் நான்கடி. தரையிலிருந்து 22 அங்குலத்தில் தொடங்கி 66 அங்குலத்தில் முடியும் ஒரு துண்டு, அதாவது 44 அங்குல உயரம், எங்கள் எல்லோருக்கும் உச்சி முதல் பாதம் வரை காட்டுகிறது. அதைப் படுக்கையறை வாசலுக்குப் பக்கத்தில் மாட்டினோம். அமிலத்தை வெளிவிடாத, ‘நியூட்ரல்’ என்று குறிப்பிட்ட சிலிக்கான் பசை, கீழே இரண்டு தாங்கிகள், முதுகுக்கும் சுவருக்கும் நடுவே காற்று போக ஒரு விரற்கடை இடைவெளி.